கிருமி மருந்து செய்யுமா?



இன்றைய பேச்சைத் தொடங்கும் முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியை. ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. "இனிப்பு நீர் நோய்க்குப் போடும் இன்சுலின் ஊசி மருந்தைக்கூட இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டுதான் செய்கிறார்கள், கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு வேண்டிய சில பொருள்களையும் அப்படிச் செய்கிறார்கள்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

வகுப்பில் இருந்த ஒரு பையன் அதை வீட்டில் போய்த் தன் பாட்டியிடம் சொன்னான். அந்தப் பாட்டி நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். இன்சுலின் ஊசியும் போடுகிறவர். கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறவர். பேரன் சொன்னதைக் கேட்ட அன்றே இரண்டையும் நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்துக் காலையில் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்து பிழைத்து வந்தார். விவரம் தெரிந்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். கோபப்படவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்.

"டீச்சரம்மா, காய்ச்சல் வந்தாலும் கிருமி, வயிற்றால போனாலும் கிருமின்னு நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்க? அப்புறம் அந்தக் கிருமி செஞ்சதையே எனக்கு ஊசியில போட்டா, நான் எப்படிம்மா நம்புறது?"

நியாயமான கேள்வி. பாதிப் பாடம் நடத்தியது நான்தான். மீதிப் பாடத்தை அன்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். இதே சந்தேகம் உங்களில் பலருக்கும் இருக்கக்கூடும் என்பதால், அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நொதி என்றால் என்ன என்று பார்ப்போம். என்சைம் என்று ஆங்கிலத்தில் சொல்லும் பொருளுக்குத்தான் தமிழில் நொதி என்று பெயர். அது உயிருள்ள பூச்சி அன்று. உயிர்களின் உடம்பில் வேலை செய்யும் ஒரு பொருள். ஒரு பொருளை வெட்டவும், இன்னொன்றோடு ஒட்டவும், ஒன்றை மற்றொன்றாக மாற்றவும் வல்லது. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு தனி வேலை உண்டு.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற உங்களுக்கு நொதியின் வேலை நன்றாகவே தெரியும். குலையை வெட்டினால் அன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும் என்று மண்டோர் ஏன் அவசரப்படுத்துகிறார்? பழத்துக்குள்ளே லைப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. பழம் அடிபட்டு நசுங்கினால், அந்த நொதி எண்ணெயோடு கலந்து, எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலமாக மாற்றத் தொடங்கிவிடும். குலை கிடக்கக் கிடக்க அமிலம் ஏறும். கச்சா செம்பனை எண்ணெயில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வணிகத்தில் வழங்கும் கணக்கு. ஆலையில் முதல் வேலையாகக் குலையை நீராவியில் வேகவைப்பதும் இதற்காகத்தான். பழம் காம்பிலிருந்து எளிதில் கழன்று வருவதோடு, சூட்டில் அந்த நொதியும் செயலிழந்து போகிறது.

இனி ஈஸ்ட்டுக்கு வருவோம். ரொட்டி மாவு உப்புவதும், பனஞ்சாறும் தென்னஞ்சாறும் கள்ளாவதும், மலாய்க்காரர்கள் வீட்டில் சோறு தாப்பாயாக இனிப்பதும் ஈஸ்ட்டும் அதன் கூட்டாளிகளும் செய்கிற வேலை. கள் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் செய்த கேட்டை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தக் கேட்டுக்கு ஈஸ்ட் பொறுப்பன்று. சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுவது அதன் இயல்பு.

ஈஸ்ட் உயிரோடு இருந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்று நெடுங்காலம் அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். 1897ஆம் ஆண்டு ஜெர்மனியில் எடுவர்ட் புக்னர் என்ற அறிஞர், ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாறு எடுத்தார். அந்தச் சாற்றில் உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அதில் சர்க்கரையைச் சேர்த்தபோது அது நொதித்துப் பொங்கியது. வேலை செய்வது ஈஸ்ட்டின் உயிர் அன்று, அதற்குள் இருக்கும் நொதிகளே என்று இதனால் தெளிவாயிற்று. இதற்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நேயர்களே, இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வேறு, அவன் கைத்தொழில் வேறு. ஈஸ்ட் வேறு, அதன் நொதி வேறு. நான் சொல்லப்போவது முழுவதற்கும் இதுதான் அடிப்படை.

சரி, மருந்து செய்வதற்கு நொதி எதற்கு? இரசாயனத் தொழிற்சாலைகள் எத்தனையோ இருக்கின்றனவே என்று கேட்கலாம். இங்கேதான் இடக்கை, வலக்கை என்ற ஒரு விந்தை குறுக்கிடுகிறது.

உங்கள் இரண்டு கைகளையும் பாருங்கள். இரண்டிலும் ஐந்து விரல், ஒரே அளவு. ஆனாலும் இடக்கை உறையை வலக்கையில் மாட்ட முடியாது. ஒரு கை மற்றொன்றின் கண்ணாடி நிழல் போன்றது. மழைக்காலத்தில் போடும் ரப்பர் பூட்ஸும் அப்படித்தான். பால்மரத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. கத்தியை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகத்தானே இறக்குகிறோம்? பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லாமல் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இந்தப் பக்கமாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். எதிர்ப்பக்கமாக வெட்டினால் அந்த அளவு கிடைக்காது.

கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளிலும் இப்படி இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று உண்டு. 1848இல் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், ஒரு வகை உப்பின் படிகங்களைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, இடப்பக்கம் சாய்ந்தவை, வலப்பக்கம் சாய்ந்தவை என்று சிறு இடுக்கியால் பொறுக்கிப் பிரித்துக் காட்டினார்.

வடிவம் மாறினால் குணமும் மாறும். புதினாவின் வாசனைக்குக் காரணமான கார்வோன் என்ற பொருளே, பிள்ளை பெற்ற தாய்க்கு மருந்தில் சேர்க்கும் சதகுப்பையிலும் இருக்கிறது. ஒரே பொருள்தான். ஆனால் புதினாவில் ஒரு கை வடிவம். சதகுப்பையில் மறு கை வடிவம். நம் மூக்குக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிகின்றன. மூக்கே இப்படிப் பிரித்து அறியும்போது, நம் இரத்தமும் இருதயமும் ஈரலும் அறியாமல் இருக்குமா? காச நோய்க்குக் கொடுக்கும் எத்தம்புட்டால் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு வடிவம் காசக் கிருமியைத் தடுக்கிறது. அதன் கண்ணாடி நிழல் வடிவத்துக்கு அந்த ஆற்றல் மிக மிகக் குறைவு. அது உடம்புக்கு வீண் சுமை. ஆகவே நோயாளிக்குத் தருவது வேலை செய்கிற வடிவத்தை மட்டுமே.

சாதாரண இரசாயன முறையில் இப்படிப்பட்ட பொருளைச் செய்தால், பெரும்பாலும் இரண்டு வடிவங்களும் பாதிக்குப் பாதி கலந்தே வரும். ஏன்? தையல் தெரிந்த தாய்மார்களுக்கு எளிதாகப் புரியும். சட்டையின் முன்பக்கத்துக்கு ஒரே அளவில் இரண்டு துணித் துண்டு வெட்டி, ஒன்றுக்கு மேற்புறத்திலும் மற்றொன்றுக்கு அடிப்புறத்திலும் பையைத் தைத்தால், ஒன்று இடப்பக்கத்துக்கும் மற்றொன்று வலப்பக்கத்துக்கும் போகும். துணி ஒன்றுதான், தைத்த புறம்தான் வேறு. கீட்டோன் என்னும் வகைப் பொருளில் ஓரிடம் இப்படித்தான் தட்டையாக இருக்கிறது. அதில் ஹைட்ரஜன் அணு மேற்புறத்தில் ஒட்டினால் ஒரு கை. அடிப்புறத்தில் ஒட்டினால் மறு கை. இரசாயனக் கலவைக்கு இந்தப் புறம், அந்தப் புறம் என்ற அறிவு இல்லை. நொதிக்கு அது உண்டு. தன் பிடிக்குள் அந்தப் பொருளை ஒரே வகையில் உட்கார வைத்து, ஒரே புறத்தில் தைக்கும்.

இந்தத் திறமைக்காக ஈஸ்ட்டை மருந்துத் தொழிலில் பயன்படுத்தத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. 1921இல் ஜெர்மனியில் கார்ல் நியூபெர்க்கும் அவருடன் ஹிர்ஷ் என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். பாதாம் வாசனையுள்ள பென்சால்டிஹைடு என்ற பொருளை, சர்க்கரை தின்று பொங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட்டில் ஊற்றினார்கள். ஈஸ்ட் அதை ஒரே கை வடிவமுள்ள ஒரு புதுப் பொருளாக மாற்றிக் கொடுத்தது. அந்தப் பொருளிலிருந்து எபெட்ரின் செய்யும் முறையை 1930களில் க்னோல் என்ற ஜெர்மானிய மருந்து நிறுவனம் கண்டறிந்தது. மூச்சிரைப்புக்கும் மூக்கடைப்புக்கும் கொடுத்துவந்த மருந்து அது. அதற்கு முன்பு ஒரு வகைச் செடியிலிருந்துதான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் இதில் ஒரு தொல்லை இருந்தது. ஈஸ்ட்டுக்குள் இருப்பது ஒரு நொதி அன்று, ஆயிரக்கணக்கான நொதிகள். ஊற்றிய பென்சால்டிஹைடில் ஒரு பகுதியை ஒரு நொதி மருந்துப் பொருளாக மாற்றும்போதே, வேறொரு நொதி இன்னொரு பகுதியைப் பிடித்து வேண்டாத பென்சைல் சாராயமாக மாற்றிவிடும். அத்தனையும் வீண். கீட்டோன்களை மாற்றும்போது தொல்லை இன்னும் பெரிது. ஒரே பொருளின் மேல் ஒரு நொதி மேற்புறத்தில் தைக்கும். இன்னொன்று அடிப்புறத்தில் தைக்கும். முடிவில் இடமும் வலமும் கலந்து வரும். போதாததற்கு, கொஞ்சம் மருந்துப் பொருளுக்காகக் கூடை கூடையாக ஈஸ்ட்டைப் போட வேண்டும். அந்தச் சேற்றிலிருந்து பொருளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஒரு நிரையில் பத்துப் பேரை ஒன்றாக இறக்கிவிட்டால், ஒருவர் பழுத்த குலையை வெட்டுவார். இன்னொருவர் காயை வெட்டுவார். மாலையில் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். காயை வெட்டியவர் யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். ஈஸ்ட்டுக்குள் நடந்ததும் இதுதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நல்ல கைத்திறன் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, அவரை மட்டும் தனி நிரையில் விட வேண்டும்.

இதற்கு வழி 1973இல் திறந்தது. ஒவ்வொரு நொதியையும் எப்படிச் செய்வது என்ற குறிப்பு, உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நொதிக்குரிய குறிப்புக்கு மரபணு என்று பெயர். பாட்டி கையால் எழுதி வைத்த சமையல் குறிப்பு போன்றது அது. அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் என்ற இருவரும் அவர்களுடைய குழுவினரும், ஓர் உயிரின் மரபணுவை வெட்டி எடுத்து, பிளாஸ்மிட் என்ற சின்னஞ்சிறு வளையத்தில் கோத்து, எஸ்செரிச்சியா கோலை என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்திக் காட்டினார்கள். உள்ளே போன குறிப்பைப் பாக்டீரியா தன் வீட்டுக் குறிப்பு என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்கிறது.

பாக்டீரியாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதற்கு எளிய தீனி போதும். வளரும் வேகமும் பெரிது. நல்ல சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். தீனி குறையாமல் இருந்தால் பத்து மணி நேரத்தில் 107 கோடியைத் தாண்டிவிடும். அத்தனையும் அந்த ஒரே குறிப்பை வைத்திருக்கும். அந்த ஒரே நொதியைச் செய்யும்.

1996இல் ரொட்டி ஈஸ்ட்டின் டி.என்.ஏ. முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. பெயர்ப் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. இனி யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதுதானே? அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டூவர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் அந்த வேலையைச் செய்தார்கள். கீட்டோன்களை மாற்றக்கூடிய 18 ஈஸ்ட் நொதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் மரபணுவையும் தனித்தனியே பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள்.

அவர்கள் செய்த ஒரு தந்திரம் உங்களுக்குப் பிடிக்கும். குலையை வெட்டியதும் காம்பில் உங்கள் எண்ணை எழுதி வைக்கிறீர்கள் அல்லவா? மேடையில் எத்தனை குலை குவிந்திருந்தாலும் எது யாருடையது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதுபோல ஒவ்வொரு ஈஸ்ட் நொதியோடும் ஒரு சிறு அடையாளப் புரதத்தை ஒட்டவைத்தார்கள். பாக்டீரியாவின் சாற்றில் ஆயிரம் புரதங்கள் கலந்திருந்தாலும், அடையாளம் உள்ளதை மட்டும் பிடித்து இழுத்துவிடலாம். இப்படிச் சுத்தமாகப் பிரித்த 18 நொதிகளையும் 11 வகைப் பொருள்களின் மேல் ஒவ்வொன்றாகச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள்.

முழு ஈஸ்ட்டாக இருந்தபோது கலந்து கலந்து கொடுத்த நொதிகளில் பல, தனித்தனியே விட்டபோது ஒரே கை வடிவத்தைத் தூய்மையாகக் கொடுத்தன. சில பொருள்களுக்கு இடக்கை வடிவம் கொடுக்க ஒரு நொதியும், வலக்கை வடிவம் கொடுக்க வேறொரு நொதியும் கிடைத்தன. குறை ஈஸ்ட்டின் திறமையில் இல்லை. ஒரே இடத்தில் பலரைப் பூட்டி வைத்து வேலை வாங்கியதுதான் குறை.

இதே முறை தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. ஜப்பானில் கனெகா என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கேண்டிடா மேக்னோலியே என்ற வேறொரு வகை ஈஸ்ட்டில் ஒரு கைதேர்ந்த நொதியைக் கண்டார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளுக்கு வேண்டிய ஒரு மூலப்பொருளை, சரியான கை வடிவத்தில் அது செய்யும். அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி வேலை வாங்கும் முறையை 2001இல் அறிவித்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நொதி தைப்பதற்கு ஹைட்ரஜனைச் சுமந்து வர ஒரு துணைப்பொருள் தேவை. அது விலை உயர்ந்தது; ஒருமுறை சுமையை இறக்கியதும் வெறுமையாகிவிடும். ஆகவே கனெகா ஆய்வாளர்கள் இரண்டாவதாக இன்னொரு மரபணுவையும் அதே பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அந்த இரண்டாம் நொதி, மலிவான குளுக்கோஸ் சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து, வெறுமையான துணைப்பொருளில் மறுபடியும் ஏற்றிவிடும். கணவர் அரிவாளால் குலையை இறக்க, மனைவி உதிரிப் பழத்தைப் பொறுக்கிக் கொட்டிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பி வருகிறார் அல்லவா? ஒருவர் நின்றால் மற்றவர் வேலையும் நின்றுவிடும். அந்தப் பாக்டீரியாவுக்குள் இருப்பதும் அப்படிப்பட்ட ஒரு சோடிதான்.

இதனால் நமக்கு என்ன லாபம்? இந்த வேலை சாதாரண வெப்பத்தில், பெரும்பாலும் தண்ணீரிலேயே நடக்கிறது. பயனற்ற மறு கை வடிவம் சேராததால், பாதிப் பொருளை வீணாக்கும் நிலை இல்லை. கழிவு குறைகிறது. கழிவு குறைந்தால் ஆற்றுக்கும் நல்லது, மருந்தின் அடக்க விலைக்கும் நல்லது.

பாக்டீரியாவால் எல்லாம் ஆகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஈஸ்ட்டின் சில புரதங்களைப் பாக்டீரியா சரியாக மடித்துக் கொடுக்காது, உருண்டையாகக் கட்டிப்போய்விடும். அப்போது ஈஸ்ட்டையே தொழிலாளியாக வைத்துக்கொள்கிறார்கள். இதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டாம். நம் ஜொகூரிலேயே இருக்கிறது.

1978இல் பெங்களூரில் கிரண் மஜும்தார் என்ற பெண்மணி ஒரு வாடகைக் கொட்டகையில் பயோகான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் செய்த பொருள்களுள் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பேன் என்ற நொதி. இறைச்சி மெதுவாக வேகட்டும் என்று நாம் பப்பாளிக் காயைப் போடுகிறோமே, அதே நொதிதான். நொதியில் தொடங்கிய அந்த நிறுவனம் 2004இல் இந்தியாவில் இன்சுலின் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிக்கியா என்ற ஈஸ்ட்டுக்குள் மனித இன்சுலினின் குறிப்பை வைத்துச் செய்யும் முறை அது. பின்னர் அதே நிறுவனம் நம் மாநிலத்தில், இஸ்கண்டார் புத்ரியில் ஒரு பெரிய இன்சுலின் தொழிற்சாலையைக் கட்டியது. 2016இல் நம் நாட்டுச் சுகாதார அமைச்சுக்கு இன்சுலின் வழங்கும் ஒப்பந்தமும் அதற்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் செம்பனை நின்ற வட்டாரம் அது. இன்று அங்கே எஃகுத் தொட்டிகளில் ஈஸ்ட் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். கிருமி செய்ததை எப்படி நம்புவது?

ஒன்று. எல்லா நுண்ணுயிரும் நோய்க் கிருமி அன்று. தோசை மாவைப் புளிக்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்களே. எஸ்செரிச்சியா கோலையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் தீய வகைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படுத்துவது 1922 முதல் வளர்த்துவரும் கே-12 என்ற சாதுவான வகையும் அதுபோன்ற பிறவுமே.

இரண்டு. நுண்ணுயிர் வேலையாள் மட்டுமே, மருந்து அன்று. வேலை முடிந்ததும் பொருளைத் தனியே பிரித்து, பல முறை சுத்தம் செய்து, சோதித்த பிறகே மருந்தாகிறது. மாத்திரையிலும் ஊசி மருந்திலும் உயிருள்ள பாக்டீரியாவும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை. ஆள் வேறு, கைத்தொழில் வேறு என்று சொன்னேனே, அது இதற்காகத்தான்.

மூன்று. முன்பெல்லாம் இன்சுலினைப் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை முதன்முறையாகச் செய்தார்கள்; 1982இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. இன்று ஊசியில் போடும் மனித இன்சுலின், நம் உடம்பு தானே சுரக்கும் இன்சுலினைப் போன்றதே.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ அந்தப் பூச்சியும் நம்ம மாதிரி கூலிக்குத்தான் வேலை செய்யுதுன்னு சொல்லுங்க" என்றார்.

"ஆமாம் பாட்டி. கூலி சர்க்கரை" என்றேன்.

"எனக்குத்தான் சர்க்கரை கூடாதுன்னுட்டாங்க" என்று சிரித்தார். மறுநாள் கிளினிக்குக்குப் போய், எவ்வளவு ஊசி போடுவது என்று கேட்டு மறுபடியும் தொடங்கினார். இப்போது அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பது அந்தப் பேரன்தான்.

தாய்மார்களே, தந்தைமார்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யார் எதைச் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும்கூட, கிளினிக்கில் கேட்காமல் இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்ட சந்தேகம்தான் அந்தப் பாட்டியைக் குழாயடியில் வீழ்த்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்கண்டார் புத்ரித் தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை பார்க்க அறிவியல் படித்த கைகள் வேண்டும். நிலம் செம்பனையிலிருந்து தொழிற்சாலைக்கு மாறும்போது, நம் பிள்ளைகள் அதன் வாசலில் காவலுக்கு நிற்பதும், உள்ளே ஆய்வுக்கூடத்தில் நிற்பதும் இன்று அவர்கள் படிக்கிற பாடத்தைப் பொறுத்தது. ஈஸ்ட்டுக்குள்ளே ஒரு நல்ல நொதி ஆயிரம் பேர் நடுவில் தெரியாமல் கிடந்தது. யாரோ ஒருவர் பொறுமையாகத் தேடி, அதற்கென்று ஓர் இடம் கொடுத்தபோது அதன் திறமை உலகுக்குத் தெரிந்தது. நம் வீடுகளிலும் அப்படிச் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிக்க ஒரு மேசையும், இரவில் ஒரு விளக்கும், தொந்தரவு இல்லாத இரண்டு மணி நேரமும் கொடுங்கள். மீதியை நாங்கள் பள்ளியில் பார்த்துக்கொள்கிறோம்; இனிமேல் பாடத்தைப் பாதியில் நிறுத்தாமல்.